மண்வெட்டி மண்ணைத் தொடும் முன்: பெருந்திட்டங்களில் நிலைத்த வளர்ச்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெடுஞ்சாலை வேலை ஒன்றில் பார்த்த ஒரு குழாய்க் கல்வெர்ட் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. ஓடைக்குக் குறுக்கே சாலை, அடியில் தண்ணீர் போக ஒரு வட்டக் குழாய். வரைபடத்தில் தவறில்லை, வெள்ளக் கணக்கும் சரிதான். ஆனால் குழாயின் அகலம் ஓடையின் அகலத்தைவிடக் குறைவு. குறுகிய வாயிலிருந்து வேகமாக வந்து விழுந்த தண்ணீர், இரண்டே மழைக்காலத்தில் கீழ்ப்பக்க மண்ணை அரித்துப் பள்ளமாக்கிவிட்டது. குழாயின் வாய் ஒன்றரை அடி உயரத்தில் அந்தரத்தில் நின்றது. முதல் மழைக்கு மேலேறி முட்டையிடப் போகும் சிறு மீன்கள் அந்தப் பள்ளத்தில் கூடி, குழாயை நோக்கித் துள்ளித் துள்ளி விழுந்துகொண்டிருந்தன.

இன்னும் பெரிய குழாயாக எடுத்து, அதில் கால்வாசியை ஓடைத்தரைக்குள் புதைத்து வைத்திருந்தால் மீன் தடையின்றிப் போயிருக்கும். வரைபட மேசையில் அது அரைமணி நேர வேலை. சாலையில் வண்டி ஓடத் தொடங்கிய பிறகு அதையே செய்ய வேண்டுமென்றால் போக்குவரத்தை நிறுத்தித் தோண்ட வேண்டும். யாரும் தோண்டவில்லை.

அணை, மெட்ரோ, துறைமுகம், மின்நிலையம் என்று எதை எடுத்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு நல்ல முடிவுக்கும் ஒரு காலக்கெடு இருக்கிறது. அதைத் தவறவிட்டால் பிறகு எவ்வளவு மரம் நட்டாலும் ஈடாகாது. அதனால் இந்த வழிகாட்டியைத் தலைப்புவாரியாக எழுதாமல், எந்தக் கதவு முதலில் மூடுகிறதோ அதே வரிசையில் எழுதியிருக்கிறேன். திட்டம் தீட்டும் பொறியாளர், கையெழுத்திடும் அதிகாரி, கடன் கொடுப்பவர், நிலத்தை இழக்கப்போகிறவர் என நால்வருக்கும் இது பயன்பட வேண்டும்.

நார்வேப் பிரதமராக இருந்த குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் 1987-இல் தந்த வரையறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வருங்காலத் தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பைப் பறிக்காமல், இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்வது. நூறு ஆண்டு நிற்கப்போகும் ஒரு கட்டுமானத்துக்கு இந்த வரி வெறும் தத்துவம் அல்ல. அந்த வருங்காலத் தலைமுறைதான் அதைப் பயன்படுத்தப்போகிறது, பராமரிக்கப்போகிறது, கடைசியில் இடிக்கவும் போகிறது.

படி 1: தேவையை எழுதுங்கள், கட்டடத்தின் பெயரை எழுதாதீர்கள்

பெரும்பாலான திட்ட அறிக்கைகளின் முதல் வரியிலேயே விடை எழுதப்பட்டிருக்கும்: “அணை தேவை”, “ஆறுவழிச் சாலை தேவை”. அப்படித் தொடங்கினால் மாற்று வழி என்ற அத்தியாயம் சடங்காகிவிடும். மாறாக, “வறண்ட மாதங்களில் இத்தனை பேருக்கு இவ்வளவு குடிநீர் தேவை” என்று எழுதுங்கள். அப்போது குழாய்க் கசிவை அடைப்பது, கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவது, நிலத்தடி நீரைப் பெருக்குவது, அணை கட்டுவது எல்லாமே ஒரே மேசையில் உட்கார்ந்து போட்டியிடும்.

நியூயார்க் நகரம் 1990-களில் இப்படி ஒரு முடிவெடுத்தது. கேட்ஸ்கில், டெலவேர் நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்து வரும் தண்ணீரை வடிகட்டப் பல நூறு கோடி டாலரில் நிலையம் கட்ட வேண்டிய நிலை. தேவை வடிகட்டு நிலையம் அல்ல, சுத்தமான தண்ணீர்தான் என்று புரிந்துகொண்ட நகரம், 1997-இல் மலைப்பகுதி ஊர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. நிலம் வாங்கிக் காடாகவே விடுவது, பண்ணைக் கழிவு ஓடைக்கு வராமல் பார்ப்பது, வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளைச் சரிசெய்வது ஆகியவற்றுக்கு நகரமே பணம் கொடுத்தது. செலவு, கட்டவிருந்த நிலையத்தின் மதிப்பீட்டில் ஒரு சிறு பகுதிதான்.

நெதர்லாந்தில் 1995 வெள்ளத்தின்போது சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. கரையை இன்னும் உயர்த்துவதுதான் அங்கே காலங்காலமாகச் செய்துவந்த வேலை. இந்த முறை, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கே இடம் விட்டார்கள். நைமேகன் நகரின் எதிர்க்கரையில் 350 மீட்டர் பின்னால் தள்ளிப் புதுக் கரை போட்டு, இடையில் ஒரு துணை வாய்க்காலையும் வெட்டினார்கள்.

கார்பன் மேலாண்மைக்காக 2016-இல் வந்த பிரிட்டிஷ் தரநிலையான பி.ஏ.எஸ். 2080-உம் இதே வரிசையைத்தான் வலியுறுத்தியது: முதலில் கட்டாமலே தீருமா என்று பார், பிறகு குறைவாகக் கட்டு, பிறகு புத்திசாலித்தனமாகக் கட்டு, கடைசியில்தான் திறமையாகக் கட்டு. நம்மில் பலர் நேராக நான்காவதில் போய் நிற்கிறோம்.

படி 2: இடத்தையும் தடத்தையும் தேர்ந்தெடுப்பது

சூழல் பாதிப்பைக் கையாள உலகம் முழுவதும் ஒரே வரிசைதான்: தவிர், குறை, சீராக்கு, கடைசியில் ஈடுசெய். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தின் 2012 செயல்பாட்டுத் தரநிலைகளும் இதையே கேட்கின்றன. அதில் ஆறாவது தரநிலை, இயற்கை வாழிடங்களில் இயன்றவரை நிகர இழப்பு இருக்கக்கூடாது என்றும், மிக முக்கியமான வாழிடங்களில் நிகர ஆதாயமே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ‘தவிர்’ என்பதைச் செய்ய முடிவது தடம் முடிவாகும் வரைதான். அதற்குப் பிறகு கையில் மிஞ்சுவது ‘ஈடுசெய்’ மட்டுமே. ஈடுசெய்தல் என்ற பெயரில் வேறெங்கோ நடும் ஒற்றை இன மரத்தோப்பு, அழிந்த சதுப்பு நிலத்துக்குச் சமமாகாது.

இந்தப் படியில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று, அடிப்படை நிலை ஆய்வை முழு ஓராண்டுக்கு நடத்துவது. கோடையில் மூன்று மாதம் மட்டும் அளந்தால் வலசைப் பறவை கண்ணில் படாது, மழைக்கால ஓடை வெறும் பள்ளமாகத் தெரியும். கிணறுகளின் நீர்மட்டம், ஒலி அளவு, காற்றுத் தூசி, விலங்கு போகும் வழி ஆகியவற்றை வேலை தொடங்கும் முன் எழுதி வைக்காவிட்டால், பின்னால் ஒரு கிணறு வற்றும்போது “உங்களால்தான்”, “எங்களால் இல்லை” என்ற சண்டைதான் மிஞ்சும். அக்கம்பக்கத் திட்டங்களையும் சேர்த்தே கணக்கிடுங்கள். ஒரே ஆற்றில் ஐந்து தடுப்பணை வந்தால், ஐந்து தனித்தனி அறிக்கைகளும் “பாதிப்பு சிறிதே” என்று சொல்லும். ஆறு செத்துப்போயிருக்கும்.

படி 3: மக்கள்

இந்தப் படியில்தான் பெருந்திட்டங்கள் அதிகம் தோற்றிருக்கின்றன. உலக அணைகள் ஆணையம் 2000 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, அணைகளால் மட்டும் 4 கோடியிலிருந்து 8 கோடிப் பேர் வரை இடம்பெயர்ந்ததாக மதிப்பிட்டது. ஆப்பிரிக்காவின் ஜாம்பேசி ஆற்றில் 1950-களின் இறுதியில் கரிபா அணை எழுந்தபோது சுமார் 57,000 டோங்கா மக்கள் ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டார்கள். அவர்கள் இழந்தது வீட்டை மட்டுமா? வெள்ளம் வடிந்த ஈரத்தில் விதைத்து, ஆண்டில் இன்னொரு விளைச்சல் எடுத்துவந்த வண்டல் நிலமும் போயிற்று. அதற்குச் சமமான நிலம் மேட்டுப்பகுதியில் எங்கே இருக்கிறது?

இழப்பீடு என்பது நிலத்தின் விலையைக் கொடுப்பது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா, இடம்பெயர்ந்தவரை வறுமைக்குத் தள்ளும் எட்டு அபாயங்களை வரிசைப்படுத்தினார்: நிலமின்மை, வேலையின்மை, வீடின்மை, ஒதுக்கப்படுதல், உணவுப் பாதுகாப்பின்மை, நோயும் மரணமும் கூடுதல், பொதுச் சொத்தை இழத்தல், சமூகப் பிணைப்பு அறுந்துபோதல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்த எட்டையும் ஒரு தாளில் எழுதி, நேரே என்ன செய்யப்போகிறீர்கள் என்று குறியுங்கள். காலியாக நிற்கும் கட்டம் எதுவோ, அந்தக் குடும்பம் உடைவது அந்த இடத்தில்தான். ‘பொதுச் சொத்து’ என்ற கட்டம்தான் பெரும்பாலும் காலியாக இருக்கும். மேய்ச்சல் நிலத்துக்கும் விறகுக் காட்டுக்கும் பட்டா கிடையாதே.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை: குடும்பக் கணக்கெடுப்பை முடித்து, தகுதிக்கான கடைசித் தேதியை வெளிப்படையாக அறிவியுங்கள். குத்தகைக்காரர், கூலித் தொழிலாளர், ஆவணம் இல்லாமல் தலைமுறையாக இருப்பவர் என யாரும் கணக்கில் விடுபடக் கூடாது. இழப்பீட்டுத் தொகை கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கில் விழட்டும். புது இடத்தில் தண்ணீரும் பள்ளியும் தயாரான பிறகே பழைய வீட்டைத் தொட வேண்டும். பழங்குடி மக்களின் நிலமென்றால் முன்கூட்டிய, வற்புறுத்தலற்ற, விவரம் அறிந்த ஒப்புதலை 2007-ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனம் கேட்கிறது. ஒப்புதல் கேட்பதென்றால் “வேண்டாம்” என்ற பதிலுக்கும் இடம் வைத்துக் கேட்பதுதான்.

இதை அலட்சியம் செய்தால் திட்டமே நிற்கும். நர்மதையின் சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி கடன் கொடுத்திருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமையில் தனிக்குழு அமைக்கப்பட்டது. அப்போதிருந்த நிலையில் இடம்பெயர்ந்தோர் அனைவருக்கும் மறுவாழ்வு சாத்தியமில்லை என்று 1992-இல் அந்தக் குழு அறிக்கை தந்தது. 1993 மார்ச்சில் மிச்சக் கடன் ரத்தானது. அதே ஆண்டு செப்டம்பரில், பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாக முறையிட வழிசெய்யும் ஆய்வுக் குழுவை உலக வங்கி தனக்குள்ளேயே அமைக்க வேண்டிவந்தது.

நல்ல முன்மாதிரியும் உண்டு. நெதர்லாந்தின் ஆற்றுத் திட்டத்தில் ஓவர்டீப்ஸே என்ற தாழ்நிலப் பகுதி, வெள்ளம் புகுவதற்காகக் குறிக்கப்பட்டது. அங்கிருந்த விவசாயிகள் தாங்களே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள்: கரையோரம் உயர்ந்த மண்மேடுகள் அமைத்து வீடும் தொழுவமும் அதன் மேல், நிலம் தேவைப்படும்போது ஆற்றுக்கு. அரசு அதை ஏற்றுக் கட்டியது. வரைபடம் முடியுமுன் கேட்டதால்தான் அந்த யோசனைக்கு இடம் கிடைத்தது.

படி 4: கார்பன் கணக்கு

இங்கே வேதியியல் நேரடியாகப் பேசுகிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடும் வரும். உலையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்த 44 கிலோ வெளியேறத்தான் செய்யும். உலகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருவதற்கு இதுவே பெரிய காரணம். ஆகவே சிமென்டைக் குறைப்பதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது.

ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 400 கிலோ சாதாரண சிமென்ட் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 0.9 கிலோ வீதம் 360 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அந்தச் சிமென்டில் பாதிக்குப் பதிலாக இரும்பு உலைக் கசடுத் தூளைச் சேர்த்தால் 200 கிலோவுக்கு அருகே இறங்கும். தடை எங்கே வருகிறது தெரியுமா? கசடு கலந்த கான்கிரீட் மெதுவாக இறுகும். ஒப்பந்தமோ பழக்கத்தால், வார்த்த 28 நாளில் எட்ட வேண்டிய வலிமையையே கேட்கும். ஆறு மாதம் கழித்துச் சுமை ஏறப்போகும் ஓர் அடித்தளத்துக்கு 56 நாள் வலிமை போதும் என்று ஒரே வரியை மாற்றினால், ஆயிரக்கணக்கான டன் மிச்சமாகும். நான் அறிந்தவரை இவ்வளவு மலிவான மாற்றம் வேறில்லை. கசடும் நிலக்கரிச் சாம்பலும் அளவோடுதான் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்த எல்.சி.3 வகைச் சிமென்ட் அதற்கு நல்ல மாற்று.

எஃகு வாங்கும்போது எந்த உலையில் உருவானது என்று கேளுங்கள். நிலக்கரி ஊதுலை எஃகு டன்னுக்கு ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியிடும். பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலையில் அது வெகுவாகக் குறையும். தோண்டிய மண்ணை எங்கே கொண்டுபோவது என்பதும் கார்பன் கணக்குதான். லண்டன் கிராஸ்ரெயில் சுரங்கப்பாதையிலிருந்து வந்த 30 லட்சம் டன்னுக்கும் அதிகமான மண், எசெக்ஸ் கடலோரத்தில் வாலசீ தீவில் பறவைகளுக்கான சதுப்பு நிலம் உருவாக்கப் பயன்பட்டது.

படி 5: பணத்தைக் கணக்கிடும் விதம்

நிதிக் கணக்கில் ஒரே ஓர் எண் வருங்காலத்தை மறைத்துவிடும்: கழிவு வீதம் (discount rate), அதாவது வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்கு ஆண்டுதோறும் குறைத்துக் கணக்கிடும் வீதம். ஐம்பது ஆண்டு கழித்து வரும் 100 கோடி இழப்பு, 8 சதவீத வீதத்தில் இன்று வெறும் 2 கோடிச் சொச்சமாகத் தெரியும். 3 சதவீதத்தில் அதுவே கிட்டத்தட்ட 23 கோடி. எந்த வீதம், ஏன் என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வீதத்திலும் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பெருந்திட்டங்களை நீண்ட காலம் ஆராய்ந்த பென்ட் ஃப்ளூபியர்க், பத்தில் ஒன்பது திட்டங்கள் மதிப்பீட்டைத் தாண்டுவதாகக் காட்டியிருக்கிறார். செலவு தாண்டினால் முதலில் வெட்டுப்படுவது விலங்குப் பாதை, வடிகால் சதுப்பு, மறுவாழ்வுப் பயிற்சி. அதனால் அந்தப் பணத்தை வேறு தலைப்புக்கு மாற்ற முடியாத தனிக் கணக்கில், கடன் உடன்படிக்கையின் நிபந்தனையாகவே வைத்துவிடுங்கள். வடிவமைப்புக்கான மழை அளவையும் பழைய பதிவேட்டிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். 2011 ஜூலை 2 அன்று கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு, கோபன்ஹேகன் அடுத்த ஆண்டே பெருமழைக்கென்று தனித் திட்டம் தீட்டியது. சில தெருக்கள் வாய்க்காலாகவும் பூங்காக்கள் குளமாகவும் மாறும்படி வடிவமைத்தது.

படி 6: டெண்டர் — வாக்குறுதி வேலையாக மாறும் இடம்

என் அனுபவத்தில் இதுதான் மையம். சூழல் மேலாண்மைத் திட்டம் முந்நூறு பக்கம் இருக்கும். சைட்டில் நிற்கும் ஒப்பந்ததாரரின் ஆள் அதைப் படிப்பதில்லை, எந்த வேலை எவ்வளவு, என்ன விலை என்று சொல்லும் அளவுப் பட்டியலைத்தான் படிக்கிறார். பட்டியலில் தனி வரியாக எழுதப்படாத வேலைக்குப் பணம் இல்லை. பணம் இல்லாத வேலை நடக்காது. “தேவையான சூழல் நடவடிக்கைகளை ஒப்பந்ததாரர் மேற்கொள்ள வேண்டும்” என்ற பொது வாசகம், குறைந்த விலை கேட்டவருக்கே வேலையைக் கொடுத்து, நேர்மையாகக் கணக்குப் போட்டவரைத் தோற்கடிக்கும்.

ஆகவே ஒவ்வொன்றையும் தனி வரியாக்குங்கள். மேல்மண் எடுத்துச் சேமித்தல், கன மீட்டருக்கு இவ்வளவு. வண்டல் தடுப்பு வேலி, மீட்டருக்கு இவ்வளவு. தூசிக்குத் தண்ணீர் தெளிப்பு, நாளுக்கு இவ்வளவு. தொழிலாளர் குடியிருப்பும் கழிப்பறையும் தனி வரி. போட்டியில் இவற்றின் விலையைக் குறைத்துப் போட முடியாதபடி நிலையான தொகையாக வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து, அளக்க முடிந்ததை மட்டும் எழுதுங்கள். டென்மார்க்கையும் சுவீடனையும் இணைத்து 2000-இல் திறக்கப்பட்ட ஓரெசுண்ட் பாலத்துக்கு விதித்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. பால்டிக் கடலுக்குள் போகும் நீரின் அளவு கட்டுமானத்துக்குப் பிறகும் மாறக் கூடாது, மாற்றம் பூஜ்யம். அதை நிறைவேற்ற, தூண்களும் செயற்கைத் தீவும் தடுக்கும் அளவுக்கு ஈடாகக் கடலடியைக் கூடுதலாகத் தோண்டினார்கள். தோண்டும்போது கலங்கிச் சிதறும் மண்ணுக்கும் 5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். எண் இருந்ததால் அளந்தார்கள், அளந்ததால் காப்பாற்றினார்கள். கடலில் தூண் அறையும் சத்தத்துக்கு ஜெர்மனி 750 மீட்டர் தொலைவில் 160 டெசிபல் என்று வரம்பு வைத்ததும் இப்படித்தான். தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை அமைக்கும் தொழில்நுட்பம் அதனால் வளர்ந்தது.

கடைசியாக, சூழல் பொறியாளருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரத்தை ஒப்பந்தத்திலேயே கொடுங்கள். அந்த அதிகாரம் இல்லாதவர் அறிக்கை மட்டுமே எழுதுவார்.

படி 7: சைட்டில்

மேல்மண்ணைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றுக்கும் அதுவே மாதிரி. நிலத்தின் மேல் அரை அடியில்தான் விதை, வேர், மண்புழு, பூஞ்சை எல்லாம். அதைத் தனியாக வழித்தெடுக்க வேண்டும், ஈரமாக இருக்கும்போது தொடக் கூடாது. இரண்டு மீட்டருக்கு மேல் குவித்தால் அடிமண் காற்றில்லாமல் புளித்துப்போகும். கையில் எடுத்து முகர்ந்தால் அழுகல் வாடை வரும். குவியலின் மேல் லாரி ஏறக் கூடாது, புல் விதை தூவி மூடி வைக்க வேண்டும். பெயர்ப்பலகை நடுங்கள். பலகை இல்லாத நல்ல மண் ஒரே இரவில் ஏதோ ஒரு பள்ளத்தை நிரப்பப் போய்விடும். வேலை முடிந்ததும் அதே மண்ணைச் சரிவில் விரித்தால், அதிலுள்ள விதைகளே அந்த இடத்துக்குரிய செடிகளை முளைப்பிக்கும்.

படி 8: திறப்பு விழாவுக்குப் பிறகு

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்கா நெடுஞ்சாலையில் வேலியும், 6 மேம்பாதைகளும், 38 கீழ்ப்பாதைகளும் விலங்குகளுக்காக இருக்கின்றன. வாகனங்களில் விலங்குகள் அடிபடுவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. ஆனால் எச்சரிக்கை மிகுந்த கிரிஸ்லி கரடிகள் அந்தப் பாதைகளுக்குப் பழகப் பல ஆண்டுகள் ஆயின. ஓராண்டோடு கண்காணிப்பை முடித்திருந்தால் “கரடி வரவில்லை, பாதை வீண்” என்று எழுதியிருப்பார்கள். எனவே கண்காணிப்புக்குக் குறைந்தது ஐந்து முதல் பத்து ஆண்டு நிதி ஒதுக்குங்கள். முடிவுகள் மோசமானால் யார், எத்தனை நாளுக்குள், எந்தப் பணத்தில் சரிசெய்வார் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

அகற்றும் செலவும் இந்தப் படிதான். அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 1913-இலும் 1927-இலும் முடிந்த இரண்டு அணைகள், மீன் ஏறவே வழியில்லாமல் கட்டப்பட்டவை. அவை 2011-க்கும் 2014-க்கும் இடையில் அகற்றப்பட்டன. சால்மன் மீன்கள் மேல்பகுதிக்குத் திரும்பின. புதிதாகக் கட்டுவதற்கு, செயல்படும் ஆண்டுகளின் வருமானத்திலிருந்தே அகற்றும் நிதியைச் சேர்த்து வாருங்கள். கூடவே ஒரு பொருள் பதிவேடும் வேண்டும்: எந்த உத்தரம், என்ன தர எஃகு, எந்த ஆண்டு, எங்கே பற்றவைப்பு, எங்கே போல்ட். பதிவு இருந்தால் அதே உத்தரத்தை வேறொரு கட்டடத்தில் தூக்கி நிறுத்தலாம். இல்லாவிட்டால் தரம் தெரியாத இரும்பாக அது உலைக்குத்தான் போகும். பதிவேட்டின் ஒரு நகல் இயக்குபவரிடமும் இன்னொன்று அரசு ஆவணக் காப்பகத்திலும் இருக்கட்டும்.